மொட்டமாடி ட்ரம்ல ஊறுற கட்டை

எங்க வீட்டு மொட்டமாடில தண்ணி டேங்குக்குப் பக்கத்துல நீல கலர் ட்ரம் ஒண்ணு இருக்கு, 200 லிட்டர் ட்ரம்ம நீளவாக்குல பாதியா அறுத்து தொட்டி மாதிரி நைனா பண்ணிக் குடுத்தாரு. அதுல இப்போ கடல் தண்ணி குடிச்ச மூணு கட்டை உப்பு இறங்கறதுக்காக ஊறிட்டு இருக்கு. மெதந்து மேல வந்துடக்கூடாதுன்னு பழைய அம்மிக்கல்ல தூக்கி மேல வெச்சிருக்கேன். துணி காயப்போட வர்ற கீழ்வீட்டு அக்கா தினமும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு "இன்னும் எத்தினி நாளும்மா"ன்னு கேப்பாங்க, நானும் "உப்பு இறங்கலக்கா"ன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷமா இதே கேள்வி, இதே பதில்.

நான் டெரகோட்டா நகை பண்றவ. கம்மல், ஜிமிக்கி, மாலை. வீடு திருவொற்றியூர்ல, மாசத்துல ஒண்ணு ரெண்டு எக்ஸிபிஷன்ல ஸ்டால் போடுவேன். ஸ்டால் போடற எல்லார்கிட்டயும் அதே கறுப்பு வெல்வெட் கழுத்து, அதே பிளாஸ்டிக் ஸ்டாண்ட் தான், மண்ணுல பண்ண நகைய அதுல மாட்டினா கவரிங் கடை மாதிரி ஆயிடுது, எனக்கு அது மனசுக்கு ஒத்தே வரல. ஒரு தடவ மழை விட்ட மறுநாள் காலைல கடக்கரைப் பக்கம் போனப்போ கடல் அரிப்ப தடுக்க கல்லு கொட்டி வெச்சிருக்கற தூண்டில் வளைவுல, கல்லுங்களுக்கு நடுவுல ஒரு சவுக்கு வேர் சிக்கிட்டு இருந்துச்சு. சாம்பல் கலர், தொட்டா வழவழன்னு, அஞ்சு விரல விரிச்சு வெச்ச மாதிரி கிளை. அத தூக்கிட்டு வந்து வீட்டு ஜன்னல்ல வெச்சு ஒரு ஜோடி ஜிமிக்கிய மாட்டிப் பாத்தேன். செங்கல் செவப்பும் அந்த சாம்பலும் சேந்து நின்ன அழக பாத்துட்டு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் ஸ்டால்ல கரை ஒதுங்குன கட்டை தான்னு.

ஆனா எப்படி பண்ணணும்னு தெரியாது. சோப்புத் தண்ணில தேச்சு கழுவினேன், ரெண்டு நாள் நல்ல வெயில்ல வெச்சேன், மேல பளபளன்னு வார்னிஷ் ரெண்டு கோட்டிங் அடிச்சேன், கம்மல் மாட்ட சின்ன இரும்பு கொக்கி திருகினேன். மொத ஸ்டால்லயே ஒருத்தங்க நகையோட சேத்து அந்த ஸ்டாண்டயும் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. எனக்கு தலகால் புரியல. டிசம்பர் மாசம் அவங்க ஃபோட்டோ அனுப்பினாங்க. வார்னிஷ் அங்கங்க கொப்பளம் கட்டி உரிஞ்சிருக்கு, உரிஞ்ச எடத்துல வெள்ளையா மாவு பூத்திருக்கு, கொக்கிங்க எல்லாம் துரு ஏறி அந்தத் துரு தண்ணி வழிஞ்சு கீழ விரிச்சிருந்த வெள்ளை காட்டன் துணில பழுப்புக் கறை. திட்டல, "என்ன ஆச்சுன்னு பாருங்களேன்"னு மட்டும் எழுதியிருந்தாங்க. அதுவே எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. காச திருப்பிக் குடுத்துட்டு ஸ்டாண்ட வாங்கிட்டு வந்தேன்.

நைனா காசிமேட்டுல முப்பது வருஷத்துக்கு மேல படகு வேலை பாத்த ஆசாரி. மரப் படகு கொறஞ்சு ஃபைபர் வந்ததுக்கப்புறம் அந்த வேலையும் கொறஞ்சு போச்சு, இப்போ வீட்டோட இருக்காரு. அவர்கிட்ட ஸ்டாண்ட குடுத்தேன். அந்த வெள்ளை மாவ விரல் நுனியால எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தாரு. "உப்பு பாப்பா. உப்பு உள்ள கீது, நீ மேல மூடிட்ட. அது சும்மா இருக்குமா, தண்ணிய இழுத்துக்கினே தான் இருக்கும்."

எனக்கு இந்த வேலைல தெரிஞ்ச எல்லாம் அந்த ஒரு வார்த்தைல இருந்து தான் ஆரம்பிக்குது. கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு. மாசக்கணக்கா ஊறுன கட்டை அத தன்னோட நாருக்குள்ள, வேர் கணு வரைக்கும் குடிச்சு வெச்சிருக்கும். வெயில்ல வெச்சா தண்ணி தான் போகும், உப்பு உள்ளயே படிகமா நின்னுடும். அப்புறம் மழைக்காலத்துல காத்துல ஈரம் ஏறினதும் அந்த உப்பு ஈரத்த இழுக்கும், கரையும், மறுபடி காயும்போது மேல வந்து பூக்கும். ஒவ்வொரு தடவ பூக்கும்போதும் மேல பூசின எதையும் தள்ளி விட்டுடும். வார்னிஷ்ஷோட தரத்துல தப்பு ஒண்ணும் இல்ல, எவ்ளோ விலை உசந்தத அடிச்சிருந்தாலும் இதே தான் நடந்திருக்கும்.

அதனால தான் இந்த ட்ரம். மொதல்ல போர் தண்ணில ஊற வெச்சேன், நைனா பாத்துட்டு தலைல அடிச்சுக்காத குறை, எங்க ஏரியா போர் தண்ணியே உப்பு, அதுல ஊற வெச்சு என்ன பிரயோஜனம். இப்போ மெட்ரோ தண்ணி தான், குடிநீர் வாரியம் விடறது. காட்டுப்பள்ளில கடல் தண்ணிய குடிதண்ணியாக்குற பிளான்ட் 2010-ல வந்துச்சு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், வடசென்னைக்கு தண்ணி குடுக்கறதுக்குன்னு கட்டினது. கடல்ல இருந்து உப்ப பிரிச்சு எடுத்த தண்ணிய ஊத்தி, கடல்ல இருந்து வந்த கட்டையோட உப்ப எடுக்கறேன்னு நெனைக்கும்போது எனக்கு அந்த ஒவ்வொரு கொடத்து மேலயும் ஒரு மரியாதை வருது. கழிச்ச தண்ணி கொஞ்சமா உப்பு இருக்கறதால செடிக்கு ஊத்த மாட்டேன், மாடி கழுவவும் பாத்ரூமுக்கும் எடுத்துக்குவேன். மழைக்காலம்னா இன்னும் நல்லது, ட்ரம்ம தொறந்து வெச்சிட்டா வானத்துத் தண்ணியே நெறஞ்சு வழிஞ்சு வேலைய பாத்துக்கும்.

உப்பு இறங்கிடுச்சான்னு எப்படி தெரியும்? இதுக்கு நான் ரெண்டு வழி வெச்சிருக்கேன். ஒண்ணு அம்மா சொல்லிக் குடுத்தது. ட்ரம்ல இருந்து ஒரு கரண்டி தண்ணி எடுத்து கறுப்பு தோசைக்கல்ல ஊத்தி சிம்ல வெச்சு வத்த விடறது. மொத நாள் தண்ணி வத்தினா கல்லு மேல கோலப்பொடி கொட்டின மாதிரி வெள்ளையா படியும். தண்ணி மாத்த மாத்த அந்த வெள்ளை கொறஞ்சு, வளையம் மாதிரி ஆகி, கடைசில பைப்ல புடிச்ச தண்ணி வத்தினா எவ்ளோ படியுமோ அவ்ளோ தான் படியும். (அந்தக் கல்லுல தோசை சுடறதில்ல, அது இதுக்குன்னே தனியா.) ரெண்டாவது, ஆர்ஓ மெஷின்காரங்க தண்ணி செக் பண்ண வெச்சிருப்பாங்களே அந்த டிடிஎஸ் மீட்டர், தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப நம்பரா காட்டும், பேனா சைஸ்ல இருக்கும், ஆன்லைன்லயே கெடைக்குது. இப்போ ஊறிட்டு இருக்கறதுல பெரிய கட்டைய தனியா போட்டப்போ ஊத்தின தண்ணி 310 காட்டிச்சு, மறுநாள் காலைல அதே தண்ணி 1,480. தண்ணிய கொட்டிட்டு புதுசு ஊத்தினேன், அடுத்த நாள் 900 சொச்சம். மொத ஒரு வாரம் தினமும் மாத்துவேன், அப்புறம் மூணு நாளைக்கு ஒரு தடவ. ஊத்தினப்போ இருந்த நம்பரும் மூணு நாள் கழிச்சு இருக்கற நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தா தான் கட்டைய வெளிய எடுப்பேன். விரல் தடிமன் குச்சிக்கு பத்து நாள் போதும், தொடை தடிமன் வேர் கட்டைக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். தண்ணி டீ கலர்ல மாறினா பயப்படாதீங்க, அது மரத்தோட துவர்ப்பு, உப்பு இல்ல.

கட்டை பொறுக்கறத பத்தி சொல்லியாகணும், ஏன்னா தப்பான கட்டைய எடுத்துட்டா ஒரு மாச உழைப்பும் வீண். எங்களுக்கு நல்ல கட்டை கெடைக்கறது வடகிழக்குப் பருவமழைல தான். கொசஸ்தலையாறு வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல கலக்கும்போது வேரும் கிளையுமா அடிச்சுக்கிட்டு வரும், அந்த மாசங்கள்ல கரையோர நீரோட்டம் வடக்குல இருந்து தெக்க போறதால எண்ணூர்ல விழுந்தது திருவொற்றியூர் பக்கம் வந்து தூண்டில் வளைவு மூலைங்கள்ல ஒதுங்கும். ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துச்சே, அந்த சீசன்ல ஒரு கட்டையக் கூட நான் எடுக்கல. கரை முழுக்க கட்டை இருந்துச்சு, எல்லாம் கறுப்பு. மீன் புடிக்கறவங்க வலையும் படகும் அந்தக் கறுப்புல கெடந்தப்போ அலங்காரத்துக்கு கட்டை தேடவும் மனசு வரல. எண்ணெய் ஏறுன மரத்துல எந்த பூச்சும் ஒட்டாது, வீட்டுக்குள்ள வெச்சா வாடையும் போகாது. அதே மாதிரி தார் வாடை அடிக்கற கறுப்புக் கட்டை, பெயின்ட் அடிச்ச பழைய படகுப் பலகை இதெல்லாம் பாத்து எடுக்கணும். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அத காஞ்ச நெலைல தேச்சு தூள மூச்சுல இழுக்கக்கூடாது, பெயின்ட் இருந்தா அப்படியே விட்டுடறது தான் உத்தமம்.

தென்னை மட்டை, பனங்கட்டை எனக்கு சரி வரல, நார் நாரா பிரிஞ்சுடுது. சவுக்கு வேர், வேப்பங்கிளை, புங்கை இதெல்லாம் நல்லா நிக்கும். விரல் முட்டியால தட்டினா கணீர்னு ஒரு சத்தம் வரணும், பொத்துனு கேட்டா உள்ள சொத்தை. ஸ்க்ரூடிரைவர் நுனிய வெச்சு அழுத்தினா லேசா தடம் விழலாம், உள்ள எறங்கக்கூடாது. அலையாத்தி மரத்து வேர் பழவேற்காடு பக்கம் அழகழகா இருக்கும், ஆனா நிக்கற மரத்துல இருந்து ஒடிக்கவே கூடாது, தானா கரைக்கு வந்தது மட்டும் தான். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ஆமை முட்டையிட வர்ற காலம், அந்த நேரத்துல ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு கட்டை தேடிப் போறத தயவு செஞ்சு விட்டுடுங்க. அறுத்து நம்பர் போட்ட பெரிய தடி ஒதுங்கினா அதுக்கு ஓனர் இருப்பாங்க, தொடாதீங்க.

சில கட்டைங்க உடம்பு முழுக்க ஓட்டையா வரும். பென்சில் நுழையற அளவு வட்டமா, உள்ள பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா ஒரு பூச்சு. அத பாத்ததும் நைனா முகமே மாறிடும், ஏன்னா படகு ஆசாரிக்கு அது தான் மொத எதிரி. கப்பல் புழு. பேரு தான் புழு, உண்மைல அது சிப்பி ஜாதி, தலைல இருக்கற ரெண்டு குட்டி சிப்பி ஓடுங்கள வெச்சு மரத்த அரம் மாதிரி ராவிக்கிட்டே போகும், போற வழிக்கு சுண்ணாம்பு பூசிக்கிட்டே போகும், மரத்தையே தின்னு அத செரிக்க செவுள்ல தனி பாக்டீரியா வெச்சிருக்கும். நைனா சொல்லுவாரு, வெளிய பாத்தா ஊசி குத்தின மாதிரி தான் இருக்கும், உளி போட்டா உள்ள தேன்கூடு. ஸ்வீடன்ல வாசான்னு ஒரு போர்க்கப்பல் 1628-ல மொதப் பயணத்துலயே முழுகி, 1961-ல தான் வெளிய எடுத்தாங்க, 333 வருஷம் கழிச்சும் கட்டை அப்படியே இருந்துச்சு, காரணம் பால்டிக் கடல்ல உப்பு ரொம்ப கம்மி, அந்தப் புழு அங்க வாழ முடியாது. இத நைனாகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வெளிய எடுத்த அந்தக் கப்பல் காயும்போது சுருங்கி வெடிக்காம இருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணிய 17 வருஷம் அது மேல தெளிச்சாங்கன்னும் சொன்னேன். "பதினேழு வருஷமா? அப்போ ஒன் கட்டைக்கு ஒரு மாசம் பெருசா"ன்னு கேட்டாரு.

புழு ஓட்டை இருக்கற கட்டைய நான் விரும்பி எடுப்பேன், ஜிமிக்கி கொக்கி மாட்ட அந்த ஓட்டையே போதும், ஆணி வேண்டாம். நல்ல தண்ணில ஊறினா புழு செத்துடும், வீட்டு மரச்சாமானுக்கெல்லாம் பரவாது. ஆனா செத்த சதை உள்ளயே இருந்தா நாறும், அதனால ஓட்டை ஓட்டையா மெல்லிசு கம்பிய விட்டு இழுத்து, தண்ணி பைப்ப நேரா புடிச்சு அடிச்சு கழுவணும். மேல ஒட்டிட்டு இருக்கற கூரான வெள்ளை சிப்பிங்கள பழைய கத்தியால நெம்பி எடுங்க, கை பத்திரம், பிளேடு மாதிரி கிழிக்கும். தேய்க்க தேங்கா நார் தான் நல்லது. கம்பி பிரஷ் வேணும்னா பித்தளைக் கம்பி பிரஷ் வாங்குங்க, இரும்புக் கம்பி பிரஷ்ல இருந்து ஒடிஞ்ச தூள் கட்டைல நின்னு பின்னாடி துரு புள்ளியா வரும்.

பிளீச்சிங் பவுடர் பத்தி நெறைய பேர் கேப்பீங்க. நானும் ஆரம்பத்துல கண்ணு மூடிட்டு கொட்டினேன், வெள்ளை வெளேர்னு வரும்னு. ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா கட்டை மேல பஞ்சு மாதிரி நாரு எழும்பி நிக்குது, நகத்தால சொரண்டினா உதிருது. மரத்த இறுக்கிப் புடிச்சிருக்கற லிக்னின்ன அந்த குளோரின் கரைச்சிடும், அத படிச்சு தெரிஞ்சுக்கிட்டது அந்தக் கட்டை போனதுக்கு அப்புறம். இப்போ பூஞ்சை புடிச்சு வாடை அடிக்கறதுக்கு மட்டும், ரொம்ப நீர்க்க கரைச்சு, அரை நாளுக்கு மேல விடாம, அப்புறம் ரெண்டு தடவ நல்ல தண்ணில அலசிடுவேன். பாத்ரூம் கழுவற ஆசிட்டையும் இதையும் ஒண்ணா சேத்துடாதீங்க, வர்ற வாயு உயிருக்கே ஆபத்து. சின்ன கட்டையா இருந்தா பிளீச்சிங்கே வேண்டாம், பெரிய அண்டால போட்டு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டா பூஞ்சையும் பூச்சியும் ஒழிஞ்சிடும்.

கரைல ரொம்ப நாள் கெடந்த கட்டைல தரைப் பூச்சியும் ஏறியிருக்கலாம், வண்டு இல்லன்னா கரையான். கட்டைக்குக் கீழ மாவு மாதிரி தூள் கொட்டினா அது தான். அதுக்கு போரிக் பவுடர். நம்ம பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு கெடையாது, போர்டுல தூவற பவுடர் பல டப்பால அதே போரிக் தான், ஆனா எல்லாத்துலயும் இல்ல, அதனால மருந்துக்கடைல போரிக்னு கேட்டே வாங்கிடுங்க. ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு 50 கிராம் கரைச்சு, உப்பு இறங்கி முடிஞ்ச கட்டை ஈரமா இருக்கும்போதே பூசணும், ஈரத்தோட ஈரமா உள்ள எறங்கும். காஞ்ச கட்டைல மேலோட நின்னுடும். கொழந்தைங்க கைக்கு எட்டாத எடத்துல வெச்சுக்கோங்க.

இதுக்கு மேல தான் பொறுமை. சித்திரை வெயில்ல மொட்டமாடில போட்டா சீக்கிரம் காஞ்சிடும்னு தோணும், வெளித்தோல் மட்டும் சுருங்கி உள்ள ஈரமா நிக்க, முனைல இருந்து படார்னு வெடிக்கும். அதனால நெழல்ல தான் காய வெப்பேன், அப்படி காஞ்ச கட்டைய நைனா "நெலாக்கட்டை"ன்னு சொல்லுவாரு. மாடிப்படி தலைப்புல, காத்து ஓடற எடத்துல, செங்கல் மேல தூக்கி வெச்சு, அறுத்த முனை இருந்தா அதுல ஃபெவிகால் ஒரு கோட் தடவிடுவேன், முனை வழியா ஈரம் வேகமா போறது நிக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொக்கி தராசுல மாட்டி எடை பாத்து கட்டைலயே பென்சிலால எழுதுவேன். மூணாவதா பண்ண ஒரு வேர் 6 கிலோ 200-ல ஆரம்பிச்சு, 5 கிலோ 400, 4 கிலோ 900னு எறங்கி 4 கிலோ 100-ல வந்து ரெண்டு வாரம் அசையாம நின்னுச்சு. அப்போ தான் காஞ்சுதுன்னு அர்த்தம். கடக்கரை ஊர்ல அதுக்கு மேல காயாது, காத்துலயே ஈரம்.

இங்க ஒண்ண அழுத்தி சொல்லிடறேன். வெட்டிப் போட்ட துண்டுங்கள கீழ்வீட்டு அக்கா வெந்நீர் அடுப்புக்கு எடுத்துட்டுப் போனாங்க, நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துட்டேன். உப்பு ஏறுன மரம் எரிஞ்சா டையாக்ஸின்னு ஒரு விஷம் பொகைல வரும். குளிர் காயவும் வேண்டாம், அடுப்புக்கும் வேண்டாம்.

காஞ்ச கட்டைக்கு நான் பெருசா எதுவும் பூசறதில்ல. உப்புத்தாள்ல 220 நம்பர் எடுத்து கை படற எடம் மட்டும், சிலாம்பு இல்லாத அளவுக்கு. அந்த சாம்பல் நெறம் மேல்தோல்ல தான் இருக்கு, ரொம்ப தேச்சா உள்ள இருக்கற மஞ்சள் மரம் தெரிஞ்சிடும், அப்புறம் கடைல வாங்கின கட்டைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். மெழுகு வேணும்னா தேன்மெழுக லின்சீட் ஆயில்ல உருக்கி மெல்லிசா தேச்சு, ஒரு மணி நேரத்துல துணியால தொடச்சிடணும். தொடச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, லின்சீட் ஆயில் காயும்போது சூடாகி தானா தீப்பிடிக்கும், விரிச்சு காயப்போட்டோ தண்ணில நனைச்சோ தான் தூக்கிப் போடணும். திருகாணி ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் மட்டும், மொதல்ல டிரில் பண்ணிட்டு. இரும்பு ஆணியும் மரத்துவர்ப்பும் சேந்தா சுத்திலும் கறுப்புக் கறை.

சோவி, சங்கு வெச்சு கண்ணாடிப் பெட்டிக்குள்ள டிஸ்ப்ளே பண்றவங்க ரெண்டு பேர் எங்கிட்ட கட்டை கேட்டாங்க. மூடுன பெட்டி வேண்டாம்னு சொன்னேன். மரம் எவ்ளோ காஞ்சாலும் அதுல இருந்து அசிட்டிக் ஆசிட் ஆவி கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டே தான் இருக்கும், அடைச்ச எடத்துல அது சங்கோட சுண்ணாம்ப அரிச்சு மேல வெள்ளையா பூக்க வெச்சிடும். கொளத்தூர் கலர் மீன் கடைங்கள்ல விக்கற கட்டை வேற, இது வேற, கடல் கட்டைய மீன் தொட்டிக்குள்ள நான் யாருக்கும் தர மாட்டேன்.

இப்போ ட்ரம்ல இருக்கற மூணுல ரெண்டு வேர், மூணாவது ஒரு வளைஞ்ச கட்டை. காசிமேட்டுல பிரிச்ச ஒரு மரப்படகோட கட்டை, பெயின்ட் படாத உள்பக்கத்துது, நைனாவே போய் கேட்டு ஆட்டோல வெச்சு எடுத்துட்டு வந்தாரு. அதுல ஒரு எடத்துல உளி போட்ட தடம் வரிசையா, மூணு விரல் நீளத்துக்கு இருக்கு, இருபது வருஷம் உப்புத் தண்ணி பட்டும் அழியல. அவரு போட்டதா வேற யாரு போட்டதான்னு நான் கேட்டேன், "யாரு போட்டா இன்னா, வேலை சுத்தமா கீது பாரு"ன்னாரு. அந்த எடத்த மட்டும் உப்புத்தாள் படாம விடப்போறேன். இன்னிக்கு காலைல மீட்டர் 640 காட்டிச்சு. சாயந்தரம் தண்ணி மாத்தணும்.